சிங்கப்பூர் பெர்மிட்: பேசிக் 450, அலவன்ஸ் 350, ஏஜென்ட் கேட்பது மூன்றரை லட்சம். கணக்கு சரியா?

ஆலங்குடி_ஃபிட்டர்
அண்ணன்மாருக்கு வணக்கம். வயது 22, ஐடிஐ ஃபிட்டர். பைப்பிங் ட்ரேடில் ஸ்கில் டெஸ்ட் (சிங்கப்பூர் வேலைக்கான திறன் தேர்வு) அடித்து பாஸ். ஏஜென்ட் ஐபி (சிங்கப்பூர் அரசின் முதற்கட்ட வேலை அனுமதிக் கடிதம்) காட்டினார். கட்டுமானக் கம்பெனி, பேசிக் 450 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), அலவன்ஸ் 350, ஃபிக்ஸட் சேலரி 800 என்று இருக்கிறது. "ஓவர்டைமோடு மாசம் 1,200 கையில் வரும்" என்கிறார். மொத்தம் மூன்றரை லட்சம், அதில் ஒரு லட்சம் இந்த வாரமே கட்ட வேண்டுமாம். ஐபி நிஜமா என்று எப்படிப் பார்ப்பது? 1,200 வருமா? இரண்டு வட்டிக்கு வாங்கினால் எத்தனை மாதத்தில் அடையும்?

லெவிக்கணக்கு
தம்பி, முதலில் அந்த 450-ஐப் பார்ப்போம். சிங்கப்பூர் சட்டப்படி ஓவர்டைம் கணக்கு பேசிக்கை வைத்துத்தான். அலவன்ஸ் அதில் சேராது. சூத்திரம்: மாத பேசிக்கை 12-ஆல் பெருக்கி, 52 வாரம் × 44 மணி, அதாவது 2,288-ஆல் வகுத்தால் ஒரு மணி நேரத்துக்கான பேசிக். அதில் ஒன்றரை மடங்கு ஓவர்டைம்.

உங்கள் கணக்கு: 450 × 12 = 5,400. அதை 2,288-ஆல் வகுத்தால் 2.36 வெள்ளி. ஒன்றரை மடங்கு 3.54.
அதே 800-ஐ முழுக்க பேசிக்காகப் போட்டிருந்தால் மணிக்கு 4.20, ஓவர்டைம் 6.29.

மாதம் 60 மணி நேரம் ஓவர்டைம் பார்த்தால் முதல் கணக்கில் 212 வெள்ளி, இரண்டாவதில் 378. ஒரே வியர்வைக்கு 165 வெள்ளி வித்தியாசம். சம்பளத்தை ஏன் இரண்டாக உடைத்துப் போடுகிறார்கள் என்பது இதில் தெரிந்துவிடும். சட்டமீறல் இல்லை. ஆனால் "800 சம்பளம்" என்று வாய்வார்த்தையாகச் சொல்லும்போது இந்த உடைப்பை யாரும் சொல்ல மாட்டார்கள்.

இனி 1,200. மாதத்துக்கு ஓவர்டைம் உச்சவரம்பு 72 மணி நேரம். எம்ஓஎம் (சிங்கப்பூர் மனிதவள அமைச்சகம்) தனி விலக்கு கொடுத்த கம்பெனிக்கு மட்டும் கூடுதல். 72 × 3.54 = 255. ஆக 1,055. அதற்கு மேல் வராது.

கம்பிகட்டி
லெவி அண்ணே, ஞாயித்துக்கிழமைய விட்டுட்டீங்க.

ஓய்வு நாள்ல முதலாளி கேட்டு வேலை பார்த்தா முழு நாளுக்கு ரெண்டு நாள் பேசிக், அரை நாள் வரைக்கும்னா ஒரு நாள் பேசிக். அந்த மணி நேரம் சாதாரண வேலை நேரத்தைத் தாண்டாத வரைக்கும் 72-ல சேராது. தம்பிக்கு நாள் பேசிக் 5,400-ஐ 312-ஆல வகுத்தா (52 வாரம் × 6 நாள்) 17.31. ரெண்டு நாளுக்கு 34.62. நாலு ஞாயிறும் போனா 138.

1,055 + 138 = 1,193. ஏஜென்ட் சொன்ன 1,200 இங்கதான் இருக்கு. அதாவது மாசம் முழுக்க ஒரு நாள்கூட லீவு இல்லாம, ஓவர்டைம் உச்சத்துல பார்த்தா வர்ற காசு. சாப்பாட்டுக் காசு அப்புறம் கழியும். அவர் பொய் சொல்லல, உண்மைய முழுசா சொல்லல.

லெவிக்கணக்கு
திருத்தத்துக்கு நன்றி, சரிதான். ஒன்று சேர்க்கிறேன்: அவசர நிலை போன்ற சில சூழல் தவிர, ஓய்வு நாளில் வேலைக்கு வரச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. சைட்டில் ஓவர்டைம் இருக்குமா என்பது புராஜெக்ட்டைப் பொறுத்தது. அஸ்திவாரத்துக்குப் பைல் அடிக்கும் கட்டத்தில் மாதக்கணக்கில் இருக்கும், ஒப்படைக்கும் கட்டத்தில் அறவே நிற்கும். எனவே கடன் கணக்கை ஓவர்டைமை நம்பிப் போடக் கூடாது, 800-ஐ வைத்துப் போட வேண்டும்.

இன்னொன்று. மழை, சாமான் வரவில்லை, சைட் நிறுத்தம் என்று வேலை இல்லாத நாட்களுக்கும் ஐபியில் உள்ள ஃபிக்ஸட் சேலரியைக் கொடுத்தே ஆக வேண்டும். ஊருக்குச் சம்பளமில்லா விடுப்பில் போயிருந்தால் மட்டும் விலக்கு. "வேலை இல்லை, அதனால் நாள் சம்பளம் இல்லை" என்று பே-ஸ்லிப்பில் கழித்திருந்தால் அது தவறு.

பட்டமரத்தான்
இவ்வளவு கணக்கு எதுக்கு? எல்லாரும் மூணு, நாலு லட்சம் கட்டித்தான் போறாங்க. கேட்ட காசக் கொடுத்தா வேலை முடிஞ்சுது.

கீழவாசல்
எல்லாரும் கட்டுவதால் அது சட்டமாகிவிடாது. எது எவ்வளவு என்று பிரித்துப் பார்க்கலாம்.

சிங்கப்பூரில் லைசென்ஸ் உள்ள ஏஜென்சி தொழிலாளியிடம் வாங்கக்கூடியது: பெர்மிட் அல்லது ஒப்பந்தத்தின் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மாத ஃபிக்ஸட் சேலரி. எத்தனை வருடமானாலும் இரண்டு மாதத்துக்கு மேல் கூடாது. உங்களுக்கு 1,600 வெள்ளி. வெள்ளிக்கு 65 ரூபாய் என்று வைத்தால் 1,04,000.

இந்தியாவில் பதிவு பெற்ற ரெக்ரூட்டிங் ஏஜென்ட் வாங்கக்கூடியது 30,000 ரூபாய், அதற்கு 18% ஜிஎஸ்டி. ஆக 35,400.

இரண்டும் சேர்ந்து ஒரு லட்சத்து நாற்பதாயிரத்துக்குள் முடிகிறது. ஸ்கில் பயிற்சிக் கட்டணமும் டிக்கெட்டும் தனி என்று வைத்தாலும் மீதி இரண்டு லட்சத்துக்குப் பக்கம் எதற்கு என்று கேளுங்கள். "லெவி" என்றால்: அது முதலாளி அரசுக்குக் கட்டுவது, தொழிலாளியிடம் வாங்கக் கூடாது. "பாண்டு" என்றால்: 5,000 வெள்ளி பிணைத்தொகையும் முதலாளி பொறுப்பு. "இன்சூரன்ஸ்" என்றால்: வருடத்துக்குக் குறைந்தது 60,000 வெள்ளிக்கான மருத்துவக் காப்பீடும் முதலாளிதான் எடுக்க வேண்டும். "கம்பெனி முதலாளிக்குக் கொடுக்கணும்" என்று சொன்னால், வேலை கொடுக்கத் தொழிலாளியிடம் பணம் வாங்குவது அங்கே குற்றம்: 30,000 வெள்ளி வரை அபராதம், இரண்டு வருடம் வரை சிறை.

இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. மலேசியா, வளைகுடா நாடுகள் உட்பட 18 நாடுகளுக்கு ஈசிஆர் (குடிபெயர்வு அனுமதி தேவை என்று குறித்த) பாஸ்போர்ட்காரர் வேலைக்குப் போனால் இந்திய அரசின் இமைக்ரேட் தளம் வழியாக அனுமதி வாங்க வேண்டும். அந்தப் பட்டியலில் சிங்கப்பூர் இல்லை. ஏர்போர்ட்டில் யாரும் ஒப்பந்தத்தைக் கேட்க மாட்டார்கள். சப்-ஏஜென்ட்கள் இந்த ரூட்டில் இத்தனை பேர் இருப்பதற்கு அதுவும் காரணம். எந்த நாடாக இருந்தாலும் ஆள் அனுப்ப லைசென்ஸ் வேண்டும் என்பதில் மாற்றமில்லை. இமைக்ரேட் தளத்தில் ஏஜென்ட் பெயரைத் தேடுங்கள். பட்டியலில் அவர் இல்லை, "எங்க மெயின் ஆபீஸ் சென்னையில்" என்கிறார் என்றால், ரசீதை அந்த மெயின் ஆபீஸ் பெயரில் கேளுங்கள்.

கடன் கணக்கு: மூன்றரை லட்சத்துக்கு நூற்றுக்கு இரண்டு வட்டி என்றால் மாதம் 7,000 வட்டி மட்டும். மாதம் 45,000 அனுப்பி அத்தனையும் கடனுக்கே போனால் ஒன்பது மாதம். பாதி வீட்டுச் செலவுக்கு, பாதி கடனுக்கு என்றால் பத்தொன்பது மாதம். பெர்மிட் பொதுவாக இரண்டு வருடம் வரைதான் போடுவார்கள். அதே கணக்கை ஒன்றரை லட்சம் கடனுக்குப் போட்டால், பாதிப் பணத்திலேயே ஏழெட்டு மாதத்தில் முடிந்துவிடும்.

பட்டமரத்தான்
ரசீது கேட்டா வேற ஆளுக்கு ஐபியக் கொடுத்துடுவாங்களே.

கீழவாசல்
ஐபி உங்கள் பெயர், உங்கள் பாஸ்போர்ட் எண்ணில் வந்திருக்கிறது. அதை இன்னொருவருக்குத் தூக்கிக் கொடுக்க முடியாது. ரத்து செய்ய வைக்கலாம் என்பது உண்மை, அந்த மிரட்டலுக்குத்தான் பணம் கைமாறுகிறது. ரசீது தராவிட்டால் பணத்தை ரொக்கமாகத் தராதீர்கள், பேங்க் வழியாக மட்டும். பெறுபவர் பெயர், தேதி, தொகை பதிவாகிவிடும். பின்னால் போலீஸுக்குப் போனாலும், சிங்கப்பூரில் புகார் கொடுத்தாலும் அதுதான் பேசும்.

தேக்கா_ஜன்னல்
ஐபி சோதனைக்கு வருகிறேன்.

எம்ஓஎம் தளத்தில் வொர்க் பாஸ் நிலையைப் பார்க்கும் பகுதி இருக்கிறது. கடிதத்தில் உள்ள விவரங்களைப் போட்டு நீங்களே பாருங்கள். ஏஜென்ட் போனில் காட்டும் ஸ்கிரீன்ஷாட்டைக் கணக்கில் எடுக்காதீர்கள். தமிழ்ப் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். புறப்படும் முன் தொழிலாளியின் தாய்மொழியில் ஐபியைக் கொடுக்க வேண்டியது முதலாளியின் கடமை. "தமிழ்ல வராது" என்றால் நம்ப வேண்டாம். கம்பெனி பெயர், வேலை வகை, பேசிக், அலவன்ஸ், கழிவு, ஃபிக்ஸட் சேலரி எல்லாம் இரண்டு பிரதியிலும் ஒன்றாக இருக்க வேண்டும். கழிவு என்ற இடத்தில் ஏதாவது எண் இருந்தால் அது எதற்கு என்று இப்போதே கேளுங்கள். சிங்கப்பூர் ஏஜென்சி பெயர் இருந்தால் எம்ஓஎம்மின் ஏஜென்சி டைரக்டரியில் லைசென்ஸ் நடப்பில் உள்ளதா என்று பாருங்கள்.

ஐபியில் எழுதிய சம்பளத்தை அங்கே போன பிறகு குறைக்க வேண்டுமானால் உங்கள் எழுத்துபூர்வ சம்மதமும், எம்ஓஎம்முக்கு அறிவிப்பும் வேண்டும். இறங்கின மறுநாள் வெற்றுத்தாளிலோ படிக்காமலோ கையெழுத்து வாங்குவது இதற்குத்தான்.

ஐபியின் படம், தமிழ்ப் பிரதி, பணம் கட்டிய சான்று, ஸ்கில் சர்டிபிகேட் எல்லாவற்றையும் உங்கள் மெயிலுக்கும் வீட்டில் ஒருவருக்கும் அனுப்பிவிடுங்கள். போன் தொலைந்தால் எல்லாம் தொலையும்.

ஆலங்குடி_ஃபிட்டர்
தமிழ்ப் பிரதி கேட்டேன், இரண்டு நாளில் தருகிறேன் என்றார். இன்னொன்று அண்ணா. கூடப் படித்த பையனுக்கு சூப்பர்மார்க்கெட் பேக்கிங் வேலை, சம்பளம் 1,400, வொர்க் பெர்மிட் என்று ஒருவர் சொல்லியிருக்கிறார். முதலில் டூரிஸ்டாகப் போக வேண்டும், பெர்மிட் அங்கே போய் மாற்றிக்கொள்ளலாம் என்கிறார். அது இதைவிட நல்லதா?

லெவிக்கணக்கு
வேண்டாம். வொர்க் பெர்மிட்டில் இந்தியர்களை எடுக்கக்கூடியது கட்டுமானம், கப்பல் பட்டறை, பிராசஸ் (பெட்ரோலிய, ரசாயன ஆலை) துறைகளில். சில்லறைக் கடை, கிடங்கு பேக்கிங், ஆபீஸ் கிளீனிங் எல்லாம் சேவைத் துறை. அங்கே குறிப்பிட்ட சில வேலைகளுக்கு மட்டும் தனிப் பட்டியல் உண்டு. 2023 செப்டம்பரிலிருந்து இந்திய உணவகச் சமையல்காரர் போன்றவர்கள், 2025 செப்டம்பரில் கனரக வாகன ஓட்டுநர் போன்றவர்கள் சேர்ந்தார்கள். அந்தப் பட்டியலில் எடுத்தாலும் ஃபிக்ஸட் சேலரி குறைந்தது 2,000 வெள்ளி. "பேக்கிங், 1,400, வொர்க் பெர்மிட்" மூன்றும் ஒன்றாகச் சேரவே சேராது.

எஸ் பாஸ் (வொர்க் பெர்மிட்டுக்கு அடுத்த படி அனுமதி) என்று சொல்லி இழுத்தாலும் கணக்கு உண்டு. 2025 செப்டம்பர் 1-இலிருந்து புதிய விண்ணப்பத்துக்குக் குறைந்தபட்சம் 3,300 வெள்ளி, வயது கூடக்கூட அதுவும் கூடும். "பேப்பரில் 3,300, கையில் 1,800, மீதியைத் திருப்பிக் கொடுக்கணும்" என்றால் அதற்குச் சம்மதிப்பவரும் சிக்கலில் மாட்டுவார்.

கம்பிகட்டி
டூரிஸ்டா போய் வேலை பார்த்தா 20,000 வெள்ளி வரைக்கும் ஃபைன், ரெண்டு வருஷம் வரைக்கும் ஜெயில், அப்புறம் அங்க வேலைக்குப் போகவே முடியாது. பெர்மிட்ல இருக்கிறவனும் சாயந்திரம் வேற கடையில கழுவப் போனா, அடுத்தவன் ஆப்ல சாப்பாடு டெலிவரி பண்ணினா அதே கதைதான். பெர்மிட்ல போட்டிருக்கிற கம்பெனி, போட்டிருக்கிற வேலை, அவ்வளவுதான்.

பேங்க் கார்டு, சிம், சிங்பாஸ் (அங்க அரசு கொடுக்கிற டிஜிட்டல் ஐடி) மூணையும் யாருக்கும் கொடுக்காதீங்க. "ரெண்டு நாளைக்கு அக்கவுண்ட் வாடகைக்குக் கொடு, 300 வெள்ளி"ன்னு தேக்கா (லிட்டில் இந்தியா) பக்கம் கேப்பாங்க. மோசடிப் பணம் அது வழியாப் போனா முதல்ல பிடிபடுறது அக்கவுண்ட்காரன்.

செம்பவாங்
போய் இறங்கின பிறகு என்ன நடக்கும் என்று வரிசையாகச் சொல்லிவிடுகிறேன், பலர் இதில்தான் பதறுகிறார்கள்.

சிங்கப்பூரில் இறங்கும் நாளையும் சேர்த்து அதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் எஸ்ஜி அரைவல் கார்டு (ஆன்லைன் வருகைப் படிவம்) நிரப்ப வேண்டும். அது இலவசம். கட்டணம் கேட்கும் தளம் போலி. கட்டுமானம், கப்பல், பிராசஸ் துறைக்குப் புதிதாக வருபவர்களை முதலில் ஆன்போர்டிங் சென்டருக்கு அழைத்துப் போவார்கள். மெடிக்கல், தமிழில் ஒரு நாள் அறிமுக வகுப்பு எல்லாம் அங்கேதான். வகுப்பில் தூங்காதீர்கள், சம்பளப் புகார் எங்கே கொடுப்பது என்பது வரை சொல்வார்கள்.

மெடிக்கலில் பலர் அடிபடுவது நெஞ்சு எக்ஸ்ரேயில். எப்போதோ டிபி வந்து மருந்து முடித்த தழும்பு இருந்தாலும் சந்தேகம் வரும். அப்படி இருந்தால் பழைய எக்ஸ்ரே, மருந்து முடித்த சான்று இரண்டையும் கையோடு கொண்டு போங்கள். பணம் கட்டும் முன் ஊரிலேயே ஒரு எக்ஸ்ரேயும் ரத்தப் பரிசோதனையும் எடுத்துப் பார்த்துக்கொள்வது புத்திசாலித்தனம். மெடிக்கலில் தோற்றால் பெர்மிட் கிடையாது. திருப்பி அனுப்பும் செலவு கம்பெனியுடையது, ஆனால் நீங்கள் ஏஜென்டிடம் கொடுத்த பணத்துக்கு யாரும் பொறுப்பில்லை. "மெடிக்கல் ஃபெயிலானால் இத்தனை திருப்பித் தருகிறேன்" என்று ஏஜென்டிடம் இப்போதே எழுதி வாங்குங்கள்.

அடுத்தது சேஃப்டி கோர்ஸ். கட்டுமானத்துக்கும், கப்பல் பட்டறைக்கும், பிராசஸுக்கும் தனித்தனி. பாஸ் ஆனால்தான் பெர்மிட் வரும். ஆறு வருட அனுபவம் வரை உள்ளவர்கள் இரண்டு வருடத்துக்கு ஒரு முறை புதுப்பிக்க வேண்டும், அதற்கு மேல் நான்கு வருடம். பிறகு கைரேகை, போட்டோ.

சம்பளக் காலம் முடிந்து ஏழு நாளுக்குள் சம்பளம், ஓவர்டைம் 14 நாளுக்குள். ஊருக்கு முதல் பணம் போக இரண்டு மாதம் ஆகும் என்று வைத்துக்கொண்டு வட்டிக்காரரிடம் பேசுங்கள். கையில் 150 வெள்ளியாவது இருக்கட்டும்.

பாஸ்போர்ட் உங்களிடம்தான் இருக்க வேண்டும். "பத்திரமா வைக்கிறோம்" என்று வாங்கி வைத்துக்கொள்ள கம்பெனிக்கு உரிமை இல்லை.

ஆலங்குடி_ஃபிட்டர்
சம்பளத்தில் என்னவெல்லாம் பிடிப்பார்கள்? சம்பளம் குறைத்துக் கொடுத்தால் என்ன செய்வது?

லெவிக்கணக்கு
தங்குமிடம், கேட்டரிங் போன்றவற்றுக்குப் பிடிக்கலாம், உங்கள் எழுத்துபூர்வ சம்மதத்தோடு. அந்தச் சம்மதத்தை எப்போது வேண்டுமானாலும் திரும்பப் பெறலாம், அதற்குத் தண்டனை கிடையாது. தங்குமிடம், வசதிகளுக்கான பிடித்தம் சம்பளத்தில் 25%-ஐத் தாண்டக் கூடாது. எல்லாப் பிடித்தமும் சேர்ந்து 50%-க்குள். கேட்டரிங் வேண்டாம், டார்மிட்டரியில் சமைத்துக்கொள்கிறேன் என்று சொல்ல முடியும். ஆனால் காலை ஐந்தரைக்கு லாரி என்றால் சமையல் நடக்காது என்பதுதான் நிலைமை.

பே-ஸ்லிப் 2016 ஏப்ரல் முதல் கட்டாயம். பேசிக், அலவன்ஸ், ஓவர்டைம் மணி, ஓவர்டைம் தொகை, பிடித்தம் தனித்தனியாக இருக்க வேண்டும். அதோடு உங்கள் சொந்த நோட்டு ஒன்று வேண்டும்: தேதி, சைட், வேலை தொடங்கிய நேரம், முடிந்த நேரம். டைம்கார்டைப் போனில் படம் எடுங்கள். சண்டை வருவது பெரும்பாலும் மணிக்கணக்கில்தான். நோட்டு இருப்பவர் பேச்சு எடுபடும்.

புகார் எம்ஓஎம் அல்லது டாடம் என்று சொல்லப்படும் முத்தரப்புத் தகராறு நிர்வாக அமைப்பில். வேலையில் இருக்கும்போது என்றால் சம்பவம் நடந்த ஒரு வருடத்துக்குள், வேலையை விட்டபின் என்றால் ஆறு மாதத்துக்குள். மைக்ரண்ட் வொர்க்கர்ஸ் சென்டரின் 24 மணி நேர உதவி எண் 6536 2692. போய் இறங்கியதும் போனில் பதிந்துகொள்ளுங்கள்.

கம்பிகட்டி
அடிபட்டா தனி. எவ்வளவு சின்னக் காயமா இருந்தாலும் அன்னைக்கே சூப்பர்வைசர்கிட்ட சொல்லணும், வாட்சப்ல சொன்னா இன்னும் நல்லது, ஆதாரம் இருக்கும். டாக்டர்கிட்ட "வேலையில நடந்தது"ன்னு சொல்லி எழுத வைங்க. "ரூம்ல வழுக்கி விழுந்தேன்னு சொல்லு, செலவு நாங்க பார்த்துக்கிறோம்"னு சொல்லுவாங்க. அப்படிச் சொல்லிட்டா நஷ்டஈடு சட்டத்துல இருந்து வெளிய வந்துட்டீங்க. எம்சி (டாக்டர் எழுதிக் கொடுக்கிற மெடிக்கல் லீவு) நாளுக்கும் சம்பளம் உண்டு: 14 நாள் வரைக்கும் முழுசா, ஆஸ்பத்திரியில படுத்தா 60 நாள் வரைக்கும் முழுசா, அதுக்கு மேல மூணுல ரெண்டு பங்கு, விபத்துல இருந்து ஒரு வருஷம் வரைக்கும். க்ளெய்மும் ஒரு வருஷத்துக்குள்ள போடணும்.

பட்டமரத்தான்
சரி, ஒத்துக்கிறேன். கம்பெனி சரியில்லன்னா ரெண்டு வருஷம் பல்லக் கடிச்சுக்கிட்டே கெடக்கணுமா? இதுக்குப் பதில் சொல்லுங்க.

செம்பவாங்
பெர்மிட் முடிய 40 நாளிலிருந்து 21 நாள் வரை உள்ள இடைவெளியில், பழைய முதலாளி சம்மதம் இல்லாமலே புதுக் கம்பெனி கட்டுமானத் தொழிலாளிக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு முன்னால் என்றால் சம்மதம் வேண்டும். பெர்மிட் முடியும் தேதியைத் தெரிந்து வைத்திருப்பவர்கள் குறைவு. எஸ்ஜி வொர்க்பாஸ் ஆப்பில் பார்க்கலாம். அந்த மூன்று வாரத்தை விட்டுவிட்டால் மீண்டும் ஊர், மீண்டும் ஏஜென்ட், மீண்டும் பணம்.

அடுத்த ட்ரேடுக்கான சர்டிபிகேட் எடுத்து, பேசிக் ஸ்கில்டு (அடிப்படைத் திறன்) நிலையிலிருந்து ஹையர் ஸ்கில்டு (உயர் திறன்) ஆக முயல வேண்டும். அப்படி ஆனால் கம்பெனி உங்களுக்காக அரசுக்குக் கட்டும் லெவி மாதம் 900-இலிருந்து 500 வெள்ளியாகக் குறைகிறது. சம்பளம் கூட்டிக் கேட்க உங்கள் கையில் உள்ள பிடி அந்த 400 வெள்ளிதான். முன்பு பேசிக் ஸ்கில்டுக்கு 14 வருடம் என்று இருந்த உச்சவரம்பை 2025 ஜூலையில் எடுத்துவிட்டார்கள்.

தேக்கா_ஜன்னல்
பணம் அனுப்புவது பற்றி யாரும் சொல்லவில்லை. 2023 பிப்ரவரியிலிருந்து சிங்கப்பூரின் பேநவ்வுக்கும் நம் யுபிஐக்கும் இணைப்பு இருக்கிறது, இந்தியாவில் சில வங்கிகளுக்கு மட்டும். ஒரே இரவில் பெரிய தொகை போகாது, தினசரி வரம்பு உண்டு. ரெமிட்டன்ஸ் கடையில் அனுப்பினால் போர்டில் உள்ள ரேட்டை மட்டும் பார்க்காமல், கட்டணம் கழித்து ஊரில் எத்தனை ரூபாய் இறங்கும் என்று கேட்டு இரண்டு கடையை ஒப்பிடுங்கள். சம்பளம் விழும் வாரத்து ஞாயிறு வரிசை நீளம், செவ்வாய் இரவு போனால் காலி. வேலைக்குப் போன பிறகு ஊரில் உள்ள சாதாரண சேவிங்ஸ் கணக்கை என்ஆர்ஓவாக (வெளிநாட்டில் இருப்பவரின் உள்ளூர் வருமானக் கணக்கு) மாற்றச் சொல்லி, வெளிநாட்டுச் சம்பளத்தைப் போட என்ஆர்இ கணக்கு ஒன்றும் திறந்துகொள்ளுங்கள். என்ஆர்இ வட்டிக்கு இந்தியாவில் வரி இல்லை.

ஆலங்குடி_ஃபிட்டர்
தமிழ்ப் பிரதி வந்தது. கழிவு என்ற இடத்தில் 120 என்று இருக்கிறது. ஃபிக்ஸட் சேலரி 680. அவர் காட்டிய இங்கிலீஷ் பிரதியில் 800.

லெவிக்கணக்கு
இரண்டில் ஒன்று திருத்தப்பட்டது. பணம் கட்டாதீர்கள். எம்ஓஎம் தளத்தில் நீங்களே பார்த்து, பிறகு இரண்டு பிரதியையும் கம்பெனிக்கே அனுப்பி எது சரி என்று எழுத்தில் கேளுங்கள். கம்பெனி மெயிலை ஏஜென்டிடம் வாங்காமல் தனியாகத் தேடி எடுங்கள். 680-தான் உண்மை என்றால் ஏஜென்சி கட்டண உச்சமும் 1,360 வெள்ளியாக இறங்குகிறது, உங்கள் கடன் கணக்கை முதலிலிருந்து போட வேண்டும்.

கம்பிகட்டி
பதில் வர்ற வரைக்கும் பெட்டி கட்டலாம், தப்பில்ல. கட்டும்போது கசகசா வைக்காதீங்க, அரைச்ச மசாலாவுல கலந்திருந்தாலும் அங்க தடை. ஹான்ஸ், பான் மசாலா, வேப் எதுவும் கூடாது. தூக்க மாத்திரை, கோடீன் இருக்கிற இருமல் மருந்து இருந்தா முன்கூட்டியே அனுமதி வாங்கணும். சேஃப்டி ஷூ கம்பெனி கொடுக்கும், சாக்ஸ் மட்டும் ஆறு ஜோடி எடுத்துக்கங்க.